எச்சமும் முடிபும்: வளர்ப்புப் பச்சோந்தியின் உடல்நிலை அறியுமாறு

உயிர்கள் உண்டு கழிக்கும் பொருளைக் குறித்தற்குத் தமிழில் ஒரு சொல் மாத்திரம் வழங்கவில்லை. மாடு கழிப்பது சாணம். யானையும் குதிரையும் கழிப்பது இலத்தி. கழுதை கழிப்பது விட்டை. ஆடும் எலியும் கழிப்பது பிழுக்கை. பறவையும் பல்லியும் கழிப்பது எச்சம். உருவமும் ஈரமும் பயனும் வேறுபட்டமையால் பெயரும் வேறுபட்டது. அருவருப்புக்குரியதென நாம் கண்ணை மூடிக்கொள்ளும் ஒன்றனை, உழவரும் இடையரும் உற்று நோக்கினர் என்பதற்கு இச்சொற்களே சான்றாகும். காலையிற் பட்டியைத் திறப்பவன் முதலில் நோக்குவது சாணத்தை. மாடு நோயுற்றதை அது வாய்திறந்து கூறாது, சாணம் கூறும்.

இவற்றுள் ‘எச்சம்’ என்னுஞ் சொல் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு மிக அணுக்கமானது. ‘வந்த’ என்பது பெயரெச்சம்; ‘வந்து’ என்பது வினையெச்சம். இவை தனித்து நின்று பொருள் நிரம்பா. முடிக்குஞ் சொல்லை அவாவி நிற்பன. ‘வந்த’ என்று மாத்திரம் ஒருவன் சொன்னால், வந்தது நண்பனோ பகைவனோ என அறிய இயலாது. இவ்விலக்கண உண்மையை மனத்திற் கொண்டு இக்கட்டுரையை வாசிக்குமாறு வேண்டுகின்றேன். உயிரியின் எச்சமும் அத்தகையதே. அது ஒரு செய்தியைத் தொடங்கிவைக்கும். முடிப்பது வேறு அடையாளங்கள்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இங்கிலாந்திலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடியேறி வாழ்கின்றனர். அந்நாடுகளிற் பிறந்து வளரும் பிள்ளைகள் நாயும் பூனையும் போலவே பச்சோந்தியையும் விரும்பி வளர்க்கின்றனர். கூண்டின் அடியிற் கிடக்கும் எச்சம் ஒருநாள் செம்மஞ்சளாகவும், இன்னொருநாள் நீர்த்தும், பிறிதொருநாள் செரியாத பூச்சியோடும் காணப்படும்போது, பெற்றோரும் பிள்ளைகளும் கலங்குகின்றனர். சிலர் வீண் அச்சங் கொள்கின்றனர். சிலர் அஞ்சவேண்டிய வேளையில் வாளா இருந்து உயிரை இழக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் அறிவே இங்கு நாம் நாடுவது.

பச்சோந்தி என்பது எது?

ஓந்தி என்பது ஓணானைக் குறிக்கும் பழஞ்சொல். பச்சை என்னும் சொல் தன் ஈறு கெட்டு ஓந்தியோடு புணர்ந்து பச்சோந்தி ஆயிற்று. நம் ஊர் வேலிகளிலே தலைசிவந்து தோன்றும் பச்சை ஓணானையும் பலர் பச்சோந்தி என்றே வழங்குவர். ஆயின் அது வேறு, இது வேறு. உண்மைப் பச்சோந்தியின் கண்கள் சிறு கூம்புபோல் வெளியே துருத்தி, ஒன்றையொன்று சாராமல் வெவ்வேறு திசைகளில் திரும்புவன. விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து இடுக்கிபோற் கிளையைப் பற்றுவன. வால் சுருண்டு பற்றுதற்கு உதவுவது. நாவோ உடலின் நீளத்தையும் விஞ்சிப் பாய்ந்து பூச்சியைக் கவர்வது.

உலகிலே இருநூற்றுக்கு மேற்பட்ட பச்சோந்தியினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி மடகஸ்கார்த் தீவுக்கே உரியவை. வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவன மூன்று. யேமன் நாட்டிலும் அதனை அடுத்த சவூதி அரேபியப் பகுதியிலும் வாழும், தலையில் உயர்ந்த முடியுடைய யேமன் பச்சோந்தி ஒன்று. மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தி மற்றொன்று. கென்யா, தான்சானியா மலைநாடுகளுக்குரிய மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்தி பிறிதொன்று. கூண்டிற் பிறந்து பெருகியவையே இவற்றில் வளர்ப்பதற்கு ஏற்றவை. காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை ஒட்டுண்ணிகளும் அச்சமும் மிகுந்தனவாய் நெடுநாள் வாழா.

இலங்கையில் இயற்கையாக வாழும் பச்சோந்தியினம் ஒன்றே. அது இந்தியாவிலும் காணப்படுவது. 1768ஆம் ஆண்டில் லோரென்றி என்னும் அறிஞர் அதற்கு அறிவியற் பெயரிட்டபோது, நம் தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார். உலர்வலயப் பற்றைக்காடுகளில் அரிதாகக் காணப்படும் இவ்வுயிரைச் சட்டம் காக்கின்றது. அதனைப் பிடித்தலும் வீட்டில் அடைத்தலும் குற்றம். ஆகவே கீழே கூறப்படும் வளர்ப்பு முறைகள், பிறநாடுகளிலே சட்டத்துக்கு அமைய வளர்க்கப்படும் அயலினங்களுக்கே உரியன என்பதை நம் மாணவர் தெளிவாக உணர்தல் வேண்டும்.

எச்சம் உண்டாகுமாறு

நமக்கு மலவாயிலும் சிறுநீர் வாயிலும் வெவ்வேறாக உள்ளன. ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் அவ்வாறில்லை. குடலின் இறுதியும் சிறுநீரகக் குழாய்களும் இனப்பெருக்கக் குழாய்களும் கழியறை என்னும் ஒரே அறையிற் சென்று முடிகின்றன. ஆகவே பச்சோந்தியின் எச்சத்தில் மூன்று பகுதிகளைக் காணலாம். கபிலம் அல்லது கருங்கபில நிறமான உருண்ட பகுதி மலம். வெண்ணிறமான, பசைபோன்ற பகுதி யூரிக்கமிலமும் அதன் உப்புக்களும். இவற்றைச் சூழ்ந்து சிறிது தெளிந்த நீரும் காணப்படலாம்.

வெண்பகுதி ஏன் உண்டாகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். உணவிலுள்ள புரதம் உடலில் உடையும்போது நைதரசன் கழிவு பிறக்கின்றது. மனிதன் அதனை யூரியாவாக மாற்றி, நீரிற் கரைத்து வெளியேற்றுகின்றான். அதற்கு நீர் மிகுதியும் வேண்டும். ஓட்டுக்குள்ளே அடைபட்ட முட்டையில் வளரும் உயிருக்கும், வறண்ட நிலத்தில் வாழும் உயிருக்கும் அத்துணை நீர் ஏது? ஆகவே பறவையும் பல்லியும் பாம்பும் பச்சோந்தியும் அக்கழிவை யூரிக்கமிலமாக்கி, நீரிற் பெரும்பாலும் கரையாத வெண்பொருளாய்க் கழிக்கின்றன. பறவைக்கும் பல்லிக்கும் நம்மவர் எச்சம் என்னும் ஒரே சொல்லை வழங்கியதை விலங்கியலும் உடன்படுகின்றது.

இவ்வமிலத்தை 1776ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அவருக்கு அது கிடைத்தது மனிதரின் சிறுநீர்க் கற்களிலிருந்து. பச்சோந்தியின் நிறமாற்றத்துக்குக் காரணம் தோலின் உயிரணுக்களிலுள்ள நுண்ணிய குவானின் பளிங்குகள் நெருங்கியும் விலகியும் ஒளியைத் தெறிக்கச்செய்வதே என 2015ஆம் ஆண்டில் ஜெனீவா ஆய்வாளர் சிறுத்தைப் பச்சோந்தியைக் கொண்டு காட்டினர். அக்குவானினும் எச்சத்திலுள்ள யூரிக்கமிலமும் வேதியியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குவானின் என்னும் பெயரே பறவை எச்சத்துக்கு வழங்கும் குவானோ என்னும் பெயரிலிருந்து பிறந்தது. நாம் வியக்கும் நிறமும் வெறுக்கும் கழிவும் இவ்வாறு உறவினராதல் காண்க.

நலமுடைய எச்சம்

நலமுடைய பச்சோந்தியின் மலப்பகுதி கருங்கபில நிறமாய், ஈரமாய், உருவங் குலையாததாய் இருக்கும். வெண்பகுதி வெண்மையாகவோ, ஓரத்தில் மாத்திரம் சிறிது மஞ்சளாகவோ இருக்கும். கடுநாற்றம் இராது. பூச்சியின் இறகுத்துண்டும் காற்றுண்டும் ஒன்றிரண்டு காணப்படுதல் குறையன்று. பூச்சியின் புறவோடு எளிதிற் செரிக்கத்தக்கதன்று.

எத்தனை நாளுக்கொருமுறை என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. நாள்தோறும் உண்ணும் குஞ்சு பெரும்பாலும் நாள்தோறும் கழிக்கும். வளர்ந்தது இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கழிக்கலாம். உணவு குறைந்தால் இடைவெளி கூடும். பிற பச்சோந்தியின் வழக்கத்தோடு ஒப்பிடுவதிற் பயனில்லை. அதனதன் வழக்கத்தோடு ஒப்பிடுதலே முறை. அதற்கு ஒரு குறிப்பேடு வேண்டும். நாள், உணவின் வகையும் அளவும், எச்சத்தின் தோற்றம், வாரத்துக்கொருமுறை உடலின் எடை ஆகிய நான்கையும் குறித்துவைத்தால், வைத்தியர் கேட்கும் வினாக்களுக்கெல்லாம் அவ்வேடே விடை கூறும்.

வெண்பகுதியில் தோன்றும் மாற்றங்கள்

வெண்பகுதி முழுவதும் ஆழ்ந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறி, மணல்போல் உதிரும் வறட்சியும் உடையதாயின், உடலில் நீர் குறைந்துவிட்டது என்று கருதவேண்டும். காரணம் இது: குருதியினும் செறிந்த சிறுநீரை ஆக்கும் ஆற்றல் ஊர்வனவற்றின் சிறுநீரகத்துக்கு இல்லை. ஆகவே நீர் குறையும்போது, கழியறையிலும் குடலின் கடைப்பகுதியிலும் தங்கியிருக்கும் கழிவிலிருந்து உடல் நீரை மீட்டு உறிஞ்சிக்கொள்கின்றது. எஞ்சுவது வறண்டு நிறம் ஏறுகின்றது. நெடுநேரம் உள்ளே தங்கிய எச்சம் மஞ்சளாய் இருப்பதும் இக்காரணத்தாலேயே.

நீர்க்குறை பல நாள் நீடித்தால் தீங்கு எச்சத்தோடு நில்லாது. வெளியேற இயலாத யூரிக்கமிலம் குருதியில் மிகுந்து, பளிங்காகி, மூட்டுக்களிலும் சிறுநீரகத்திலும் இதயத்தின் உறையிலும் படியும். இது மனிதர்க்கு வரும் கீல்வாதத்தை ஒத்தது. மூட்டு வீங்கிய பச்சோந்தி கிளையைப் பற்றமாட்டாது வருந்தும். அந்நிலைக்கு வந்தபின் மீட்டல் அரிது. ஆகவே செம்மஞ்சள் நிறத்தைக் கண்டபோதே விழித்துக்கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில் வளர்ப்போர் பலரும் வியந்து கேட்பது, “கூண்டிற் கிண்ணம் நிறைய நீர் வைத்திருக்கின்றோமே?” என்பது. பச்சோந்தி பொதுவாகத் தேங்கிய நீரை நீரென அறிந்து அருந்துவதில்லை. இலைமேல் விழும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிப் பருகுவதே அதன் இயல்பு. ஆகவே காலையிலும் மாலையிலும் இலைகள் நனையும்படி நுண்துளியாக நீர் தெளித்தலும், துளித்துளியாய் நீர் சொட்டும் ஏற்பாடு ஒன்றை அமைத்தலும் வேண்டும். தெளித்தபின் கூண்டு உலர்வதற்கும் இடம் விடவேண்டும்; எந்நேரமும் ஈரத்தில் அடைபட்டால் சுவாசநோய் வரும்.

வெண்பகுதி பச்சையாக மாறுதல் வேறு வகையினது. ஊர்வனவற்றின் பித்தத்தில் மிகுந்திருப்பது பச்சை நிறப்பொருள். நெடுநாள் உண்ணாதிருத்தலாலும் ஈரல் நோயாலும் அது வெண்பகுதியிற் கலந்து தோன்றலாம். இலையையும் கீரையையும் கடித்துண்ணும் யேமன் பச்சோந்தியின் மலப்பகுதி பச்சையாய் இருப்பதைக் கண்டு இதனோடு மயங்கலாகாது. மலம் பச்சையானால் முதலில் உணவை நினைக்க. வெண்பகுதி பச்சையானால் மிருக வைத்தியரை நினைக்க.

மலப்பகுதியில் தோன்றும் மாற்றங்கள்

முதலாவது, செரியாத பூச்சி. சில்வண்டு ஏறக்குறைய முழுவுருவோடு வெளிவருமாயின் முதலில் ஆராயவேண்டியது வெப்பம். பச்சோந்தி தன் உடல்வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிரன்று. வெயில் காயும் கிளையில் தக்க வெப்பம் கிடைத்தாலன்றிச் செரிமானம் நடவாது. யேமன் பச்சோந்திக்கும் சிறுத்தைப் பச்சோந்திக்கும் பகலில் அக்கிளையருகே ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வேண்டும். கூண்டின் மற்றைப் பகுதி அதனிற் குளிர்ந்திருத்தல் வேண்டும். மலைநாட்டு ஜாக்சன் பச்சோந்திக்கு அத்துணை வெப்பம் ஆகாது. வெப்பம் சரியாயின், கொடுத்த பூச்சி பெரிதோ என்று நோக்குக. பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலையின் அகலத்தை விஞ்சாதிருத்தல் நல்ல அளவு. இரண்டும் சரியாயின் குடல் ஒட்டுண்ணியை ஐயுறலாம்.

இரண்டாவது, நீர்த்த மலம். நீர்ச்சத்து மிகுந்த புழுக்களைத் தின்ற மறுநாள் மலம் ஒருமுறை இளகினால் அதனை நோயெனக் கொள்ளவேண்டியதில்லை. இடம் மாற்றிய அச்சத்தாலும் அவ்வாறு நேரலாம். ஆனால் இரண்டு மூன்று முறை தொடர்ந்து இளகி, கடுநாற்றமும் சளியும் கூடி, எடையுங் குறையுமாயின், ஒட்டுண்ணியோ பற்றீரியாவோ குடலைத் தாக்கியிருத்தல் கூடும். நீர்த்த மலத்தோடு உடல்நீரும் விரைந்து வெளியேறுதலால் இங்கே காலந்தாழ்த்தல் ஆகாது.

மூன்றாவது, குருதி. செந்நிறக் குருதி குடலின் கடைப்பகுதியிலோ கழியறையிலோ உண்டான புண்ணைக் காட்டும். தார்போற் கரிந்து ஒட்டும் மலம் இரைப்பையிலோ மேற்குடலிலோ கசிந்து செரித்த குருதியாகலாம். இவ்விரண்டிலும் வைத்தியரை நாடுதலே செயற்பாலது.

நான்காவது, புழு. வெண்ணூல்போன்ற சிறு புழு எச்சத்தில் நெளிவதைக் கண்டோர் திடுக்கிடுவர். ஊர்வனவற்றின் குடலில் வாழும் ஊசிப்புழுக்கள் சிறு தொகையாய் இருப்பின் பெரும்பாலும் தீங்கு செய்யா. பெருந்தீங்கு செய்வன பலவும் கண்ணுக்குப் புலப்படாதவை. கொக்சிடியா என்னும் ஒருகல ஒட்டுண்ணி இளம் பச்சோந்திகளை மெலிவித்துக் கொல்லவல்லது. ஆகவே புழுவைக் காணாமை நலத்துக்குச் சான்றன்று. கண்டமை மரணத்துக்குச் சான்றுமன்று. கடையில் மருந்து வாங்கித் தாமே புகட்டுதல் பெருந்தவறு. மருந்தின் அளவு உடலின் எடையைப் பொறுத்தது. சில கிராம் எடையுள்ள குஞ்சுக்கு ஒருதுளி மிகினும் அது நஞ்சாகும்.

எச்சம் வாராமை

எச்சத்தின் மாற்றம் ஒரு செய்தியாயின், எச்சம் வாராமையும் ஒரு செய்தியே. உணவை மறுத்து, ஒரு வாரத்துக்கு மேல் கழிவின்றி, வயிறு பருத்துக் காணப்படும் பச்சோந்தியிற் பல காரணங்களை ஆராயவேண்டும். நீர்க்குறையால் மலம் இறுகியிருக்கலாம். கூண்டின் அடியில் இட்ட மணலோ மரத்தூளோ நாவோடு ஒட்டிச் சென்று குடலை அடைத்திருக்கலாம். கல்சியம் குறைந்து குடற்றசை வலிகுன்றியிருக்கலாம். பூச்சிகளிற் கல்சியம் மிகக் குறைவு. ஆதலால் அவற்றின்மேற் கல்சியப்பொடி தூவிக் கொடுப்பர். அதனை உடல் ஏற்றுக்கொள்ள விற்றமின் டி வேண்டும்; அது தோலில் உண்டாகப் புறவூதாக் கதிர் வேண்டும். சாளரக் கண்ணாடியூடே வரும் வெயிலில் அக்கதிரின் பயன்தரும் பகுதி தடைபடுதலால் அதற்குரிய விளக்கு வேண்டும்.

பெண் பச்சோந்தியாயின் முட்டையையும் நினைக்கவேண்டும். யேமன் பச்சோந்தி ஆணோடு சேராமலே கருவற்ற முட்டைகளைத் தாங்கவல்லது. முட்டைகள் நிறைந்த வயிறு மலக்குடலை நெருக்கும். அது தரையில் இறங்கி மண்ணைக் கிளறித் திரியுமாயின், தோண்டுதற்கேற்ற ஈரமண் நிறைந்த ஆழமான கொள்கலத்தை உடனே அமைத்துக் கொடுத்து, ஒதுக்கமாய் விடவேண்டும். இடம் கிடையாமல் முட்டையை அடக்கிக்கொண்ட தாய் சில நாளில் உயிர்துறக்கும்.

முக்கி முயலும்போது செந்நிறமான சதை கழியறைக்கு வெளியே பிதுங்கி, மீளாது நிற்றலும் உண்டு. அதனை எச்சமென மயங்கலாகாது. கையால் உள்ளே தள்ள முயலாது, தூய ஈரத்துணியால் உலராமற் காத்து, அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

மற்றொன்று: வளர்ந்த ஆண் பச்சோந்தி சிலவேளை மெழுகுபோன்ற மஞ்சள் நிறச் சிறு கட்டியை எச்சத்தோடு கழிக்கும். அது இனப்பெருக்க உறுப்பின் பையிலே திரண்ட பொருள், பொதுவாக நோயன்று.

முடிக்குஞ் சொல்லைத் தேடல்

முன்னே கூறிய இலக்கணத்துக்கு இனி வருவோம். மூன்று எடுத்துக்காட்டுக்களைக் காண்போம்.

ஒரு பச்சோந்தியின் வெண்பகுதி ஓரத்திற் செம்மஞ்சளாய் இருக்கின்றது. கண்கள் உருண்டு திரண்டு எங்கும் சுழல்கின்றன, உணவு குறையவில்லை, எடையும் குறையவில்லை. இங்கே முடிபு நலம். நீர் தெளிப்பதைச் சிறிது கூட்டினாற் போதும். மற்றொன்றிலும் அதே நிறம், ஆயின் கண்கள் குழிந்துள்ளன, பகலிலும் மூடிக்கிடக்கின்றன, தோல் தளர்ந்து மடிகின்றது. இங்கே முடிபு கடுந்தாகம். அதனை அன்றே வைத்தியர் காணவேண்டும். எச்சம் ஒன்று, முடிபு இரண்டு.

இரண்டாவது, பத்து நாள் கழியாத ஓர் ஆண். உணவைக் குறைத்துக் கொடுத்த பருவம், கிளைதோறும் ஏறித் திரிகின்றது, எடை மாறவில்லை. சில நாள் பொறுத்திருந்து நோக்கலாம். பத்து நாள் கழியாத ஒரு பெண், பருத்த வயிற்றோடு தரையில் அலைகின்றது. இங்கே பொறுத்தல் கொலையாக முடியும்.

மூன்றாவது, ஒருமுறை இளகிய மலம். குறிப்பேட்டில் முதல்நாள் உணவு நீர்மிகுந்த புழு என்றிருந்தால் கவலை தீர்ந்தது. வழக்கமான உணவே கொடுத்தும் மூன்றாம் முறை இளகினால் எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பவேண்டும்.

ஏன் இத்துணை நுணுகி நோக்கவேண்டும்? பச்சோந்தி தன் மெலிவை மறைக்கும் உயிர். காட்டில் மெலிந்தது பருந்துக்கும் பாம்புக்கும் முதலில் இரையாகும். ஆதலால் நோயுற்றும் நலமுற்றதுபோல் நிற்றல் அதன் தற்காப்பு. அது கிளையைவிட்டு வீழ்ந்து கிடக்கும்போது நோய் முதிர்ந்து முற்றியிருக்கும். அதனால் மறைக்க இயலாதது எச்சம் ஒன்றே. அதனைக் கண்ணோக்காது துடைத்தெறிபவன், பிரித்து வாசிக்காமலே கடிதத்தைக் கிழித்தெறிபவனை ஒப்பான்.

சோதனைக்கு அனுப்புமாறு

எச்சம் புதிதாய் இருத்தல் வேண்டும். உலர்ந்ததிற் பயன் குறைவு. சிறிய மூடியுள்ள கொள்கலத்தில் இட்டு, ஈரம் போகாது மூடி, அன்றே கொடுத்தல் நன்று. இயலாதாயின் குளிர்ந்த இடத்தில் ஒரு நாள்வரை வைக்கலாம்; உறையவிடலாகாது. ஒளிப்படம் ஒன்றையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்க.

சோதிப்பவர் சிறிதளவை நீரிற் கலந்து கண்ணாடி வழுக்கியில் இட்டு நுணுக்குக்காட்டியால் நேரே நோக்குவர். அசையும் ஒருகல உயிர்கள் அதிற் புலப்படும். பின்னர் நிரம்பிய உப்புக்கரைசலில் எச்சத்தைக் கலக்கிச் சிறிதுநேரம் வைப்பர். கரைசலின் அடர்த்தி மிகுதியாதலால் புழுக்களின் முட்டைகள் மேலே மிதந்து வரும். அவற்றை எடுத்து நோக்குவர். ஒருமுறை முட்டை காணப்படாமையால் ஒட்டுண்ணி இல்லையென்று துணிதல் கூடாது. ஒட்டுண்ணிகள் நாள்தோறும் முட்டையிடுவதில்லை. இரையான சில்வண்டின் வயிற்றிலிருந்த ஒட்டுண்ணி, பச்சோந்தியின் குடலூடே சும்மா கடந்து வருதலும் உண்டு. ஆகவே காண்பவரும் கற்றவராய் இருத்தல் வேண்டும்.

மனிதர்க்கு ஓர் எச்சரிக்கை

நலமுடைய ஊர்வனவும் சல்மொனெல்லா என்னும் பற்றீரியாவைக் குடலிற் சுமந்து எச்சத்தோடு கழிக்கக்கூடும். அவற்றுக்கு அது நோய் செய்யாது. மனிதர்க்குக் கடும் வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் தரும். அமெரிக்காவிலே சிறுவர்கள் வளர்ப்பு ஆமைகளால் இந்நோயுற்றமையால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டுடைய ஆமைகளை வளர்ப்புயிராக விற்றல் 1975ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. ஆகவே கூண்டைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். கூண்டின் பாத்திரங்களைச் சமையலறையில் அலசலாகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற தாய்மாரும் எச்சத்தைக் கையாளாதிருத்தல் நன்று.

நம் மாணவர்க்கு

இங்கே கற்கும் மாணவர்க்குப் பச்சோந்தி வளர்க்கும் வாய்ப்பில்லை, அது வேண்டியதுமில்லை. ஆயினும் இப்பாடத்தை வீட்டுச் சுவரிலேயே கற்கலாம். பல்லியின் எச்சத்தை உற்று நோக்குக: கரிய தண்டும் அதன் நுனியில் வெள்ளைப் பொட்டும் காணப்படும். அவ்வெண்மையே யூரிக்கமிலம். காக்கையின் எச்சத்திலும் அதனைக் காணலாம், பூனையினதிற் காணவியலாது. ஏன் என்று வினவி விடை காண்பவன் ஊர்வனவற்றின் உடலியலில் முதற்படியை ஏறியவனாவான். நோக்கியபின் கைகழுவ மறவற்க.

உலர்வலயத்துப் பற்றைகளிலே எப்போதேனும் உண்மைப் பச்சோந்தியைக் காண நேர்ந்தால், தொலைவில் நின்று நோக்கி அதனை அதன்வழி விடுக. அது நச்சுடையதென அஞ்சி அடித்துக் கொல்வோர் உளர். பச்சோந்திக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. நிறம் மாறுவதால் அதனை வஞ்சகர்க்கு உவமையாக்கினோம். அந்த நிறமாற்றமோ அச்சத்தையும் வெப்பத்தையும் ஊடலையும் உள்ளவாறே காட்டுவது. வாய்பேசா உயிரின் மொழியை நாம் தவறாக வாசித்தமைக்கு அவ்வுவமையே எடுத்துக்காட்டு.

கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பச்சோந்தி வேண்டுமென்று கேட்டால், வாங்குமுன் அவ்வூரில் ஊர்வனவற்றுக்கு மருத்துவஞ் செய்யும் மிருக வைத்தியர் உளரோ என்று முதலில் விசாரிக்க. அவுஸ்திரேலியாவில் வாழ்வோர் அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்த்தல் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளதை அறிக. வளர்க்க முடிந்த நாட்டினர், கூண்டும் விளக்கும் வாங்கும் அன்றே ஒரு குறிப்பேட்டையும் வாங்கிப் பிள்ளையின் கையிற் கொடுக்க. அதனைத் தமிழில் எழுதப் பழக்கினால் இரட்டைப் பயன் விளையும். நாள்தோறும் ஓருயிரை உற்று நோக்கி, கண்டதைக் கண்டவாறு எழுதி, அரைகுறைச் சான்றோடு முடிபுக்குப் பாயாதிருக்கப் பழகிய பிள்ளை, பச்சோந்தியை மாத்திரமன்றித் தன் கல்வியையும் நன்கு பேணும்.